அந்த 10 சதவீதம் யார் வீட்டுக் காசு?

முதல்ல ஒரு கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம். 100 அடிக்கு வேலி போடணும். 10 அடிக்கு ஒரு கம்பம். மொத்தம் எத்தனை கம்பம் வேணும்?

10-னு சொன்னீங்களா? நேர்க்கோட்டுல ஓடற வேலின்னா 11 வேணும். கடைசிக் கம்பத்தை விட்டுட்டீங்க. 11-னு சொல்லிட்டு காலரைத் தூக்கி விட்டுக்கறவங்களுக்கும் ஒரு செய்தி இருக்கு. அந்த 100 அடி ஒரு தோட்டத்தைச் சுத்தி வந்து, தொடங்கின இடத்துலேயே முடிஞ்சா 10 போதும். நடுவுல ஒரு கேட் வந்தா விடை மறுபடியும் மாறும். வேலி என்ன வடிவம்னு கேள்வியில சொல்லவே இல்லை. அதைத் திருப்பிக் கேட்காம விடை சொல்ல உட்கார்ந்துட்டோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இது ரொம்பப் பழகின விஷயம். ஃபார் லூப்புல '<' போடறதா, '<=' போடறதான்னு குழம்பி, ஒண்ணு கூடவோ குறையவோ வர்ற தப்பு. அதுக்கு அவங்க வெச்சிருக்கற பேரே 'ஃபென்ஸ்போஸ்ட் எர்ரர்', அதாவது வேலிக்கம்பப் பிழை. ஆனா கோட்ல வந்தா ரெண்டு நிமிஷத்துல திருத்தி மறுபடி ரன் பண்ணிடலாம். மரத்துல வந்தா டெம்போவைத் திரும்பக் கூப்பிடணும்.

நான் சொல்ல வர்றது இதுதான். எஸ்டிமேட்டோட கடைசி வரியில நாம பழக்கதோஷத்துல சேர்க்கற '10 சதவீதம் வேஸ்டேஜ்' இன்ஜினியரிங் இல்லை. எங்கெல்லாம் யோசிக்காம விட்டோமோ, அதையெல்லாம் மூடற போர்வை அது. அந்தப் போர்வைக்கு நாம காசு கொடுக்கறதில்லை. வேற ஒருத்தர் கொடுக்கறார்.

நூம்பல்ல ஒரு கிரவுண்ட்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில காலேஜ் பஸ்ல போய் வர்றவங்களுக்கு வேலப்பன்சாவடி தெரிஞ்சிருக்கும். அதை ஒட்டி இருக்கற நூம்பல் பக்கம் போனா, கட்டி முடிச்ச வீடுகளுக்கு நடுவுல காலி மனைகள் தெரியும். சிலதுக்குச் சுற்றுச்சுவர், சிலதுக்குக் கல்தூணும் முள்கம்பியும், சிலதுக்கு வெறும் சவுக்குக் கட்டை. அங்கே உங்க சித்தப்பா ஒரு மனை வாங்கியிருக்கார்னு வெச்சுக்குவோம். வீடு கட்ட இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கீரை, கத்தரி, நாலு வாழை. ஆடு மாடு உள்ளே வராம இருக்க ஒரு மரவேலி போதும்னு நினைக்கறார். "நீதான் இன்ஜினியரிங் படிக்கறியே கண்ணு, எவ்வளவு மரம் வேணும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்கிறார்.

நீங்க சிவிலா, மெக்கானிக்கலா, ஈசிஈயா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. நீங்க சொல்ற எண்ணை அப்படியே நம்பிக் காசை எண்ணி வைப்பார். செமஸ்டர்ல போடற கணக்குக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அங்கே தப்பானா நமக்கு ரெண்டு மார்க் போகும். இங்கே தப்பானா அவர் பணம் போகும்.

"எவ்வளவு பெரிய மனை சித்தப்பா?"

"ஒரு கிரவுண்ட்."

இதை வெச்சு வேலிக்குக் கணக்குப் போடவே முடியாது. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. மனை 40-க்கு 60-ஆ இருந்தா சுற்றளவு 200 அடி. 30-க்கு 80-ஆ இருந்தா 220. ஒடுக்கமா 20-க்கு 120-ஆ இருந்தா 280. பரப்பளவு ஒண்ணுதான், வேலி மட்டும் 80 அடி வரைக்கும் கூடுது. தஞ்சாவூர்ப் பக்கம் 'வேலி' என்பதே ஒரு நில அளவு. 20 மா சேர்ந்தா ஒரு வேலி, சுமார் 6.67 ஏக்கர். சொல் ஒண்ணா இருக்கலாம். ஆனா அடைக்கறதுக்கு வேண்டியது சுற்றளவு. பரப்பை வெச்சு வேலி கேட்கறது, எடையைச் சொல்லிச் சட்டை அளவு கேட்கற மாதிரி.

அதனால முதல் வேலை டேப்பை எடுத்துக்கிட்டு மனைக்குப் போறது. கையில எஃப்.எம்.பி. எனும் புல வரைபடமும் இருக்கணும். நாலு பக்கத்தையும் அளந்தா மட்டும் போதாது, ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. 40-க்கு 60 சரியான செவ்வகமா இருந்தா, ரெண்டும் 72 அடி 1 அங்குலத்தை ஒட்டி வரும். ஒண்ணு 71, இன்னொண்ணு 73-னு வந்தா மனை கோணல். அப்போ எல்லைக்கல் எங்கேன்னு பார்த்துட்டுத்தான் மத்தது. பக்கத்து மனைக்காரரோட ஒரு அடிக்காகச் சண்டை வந்து, போட்ட வேலியைப் பிடுங்க வேண்டி வந்தா, அந்தச் செலவு எந்த 10 சதவீதத்துலயும் அடங்காது.

துண்டுக்கு ஒண்ணு கூட

மனை 40-க்கு 60, சரியான செவ்வகம்னே வெச்சுக்குவோம். நீளவாக்குல ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் ஏற்கெனவே இருக்கு. அங்கே வேலி தேவையில்லை. பின்பக்கம் 40 அடி. இன்னொரு நீளப் பக்கம் 60 அடி. ரோட்டுப் பக்கம் இருக்கற 40 அடியில 10 அடிக்கு கேட். கேட்டுக்கு ஒரு பக்கம் 22 அடி, சுவரை ஒட்டின பக்கம் 8 அடி. ஆக வேலி ஓடற நீளம் 40 + 60 + 22 + 8 = 130 அடி.

கம்பத்துக்குக் கம்பம் 8 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு முடிவு பண்றோம். அவசரக்காரர் 130-ஐ 8-ஆல வகுத்து 16.25-னு பார்த்து, '17 கம்பம்'னு சொல்வார். கொஞ்சம் விவரமானவர் 'ஒண்ணு கூட்டணும்'னு சொல்லி 18 என்பார்.

ரெண்டு பேரும் மனையை ஒரே நேர்க்கோடா நினைச்சுக்கிட்டாங்க. பக்கம் பக்கமாப் போவோம். பின்பக்கம் 40 அடிக்கு 8 அடியில 5 இடைவெளி. நீளப் பக்கம் 60 அடிக்கு 7.5 அடியில 8 இடைவெளி. முன்பக்க 22 அடிக்கு 3 இடைவெளி. இந்த மூணும் ஒரே தொடர், மூலைக் கம்பத்தை ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கும். 16 இடைவெளி, 17 கம்பம். கேட்டுக்கு அந்தப் பக்கம் 8 அடித் துண்டு தனி. அதுக்கு 1 இடைவெளி, 2 கம்பம். மொத்தம் 17 இடைவெளி, 19 கம்பம்.

விதி ரொம்பச் சின்னது: வேலி எத்தனை தனித் துண்டா இருக்கோ, அத்தனை கம்பம் கூட. முழுசா மூடின வேலின்னா கூட்டவே வேண்டாம். ஃபார்முலாவை மனப்பாடம் பண்றதை விட, ஒரு தாள்ல மனையை வரைஞ்சு புள்ளி வெச்சு எண்ணறது பாதுகாப்பு.

'ரெண்டு கம்பம்தானே'ன்னு தோணும். வேலை நடக்கற நாளை நினைச்சுப் பாருங்க. குழி தோண்டறவங்க, கார்பென்டர், ஹெல்பர் எல்லாரும் வந்தாச்சு. மதியத்துக்கு மேல கம்பம் தீர்ந்துபோச்சு. ரெண்டு கம்பத்துக்காக டெம்போ வாடகை மறுபடியும். அது வர்ற வரைக்கும் நாலு பேர் நிழல்ல உட்கார்ந்திருப்பாங்க. அந்தச் சும்மா இருந்த நேரத்துக்குச் சித்தப்பா கூலி கொடுப்பாரா, இல்லை 'வேலை நடக்கலையே'ன்னு கையை விரிப்பாரா? ரெண்டுல எது நடந்தாலும் நஷ்டப்படறவர் நாம இல்லை.

10 சதவீதம் எப்படிப் பொய் சொல்லுது?

இப்போ குறுக்குச் சட்டம். கம்பத்துக்குக் கம்பம் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. 17 இடைவெளிக்கு 34 சட்டம். 130 அடிக்கு ரெண்டு வரிசைன்னா 260 ரன்னிங் அடி. 3-க்கு 2 அங்குலச் சட்டம்னா அது 10.83 கன அடி. வழக்கமான எஸ்டிமேட் இங்கே நின்னுடும். 260-ஓட 10 சதவீதம் 26, ஆக 286 அடி. முடிஞ்சது.

ஆனா மரக்கடையில மரம் உங்க இஷ்டத்துக்கு நீளமா கிடைக்காது. கடையில 10 அடி நீளச் சட்டம்தான் இருக்குன்னு வெச்சுக்குங்க. சட்டத்தோட ரெண்டு முனையும் கம்பத்து மேல உட்காரணும், நடுவுல அந்தரத்துல ஒட்டுப் போட முடியாது. அதனால ஒவ்வொரு 8 அடிக்கும் ஒரு முழு 10 அடிச் சட்டம் போகும். 34 சட்டம், 340 அடி. தேவையை விட 80 அடி கூடுதல், கிட்டத்தட்ட 31 சதவீதம். நீங்க எழுதிக் கொடுத்த 286 அடி இங்கே 54 அடி குறையுது.

அதே கடையில 16 அடி நீளம் இருந்தா? ஒண்ணை ரெண்டா வெட்டினா ரெண்டு இடைவெளி முடிஞ்சது. 17 சட்டம், 272 அடி. கூடுதல் வெறும் 12 அடி, 5 சதவீதம்கூட இல்லை. இங்கே உங்க 286 அடி 14 அடி அதிகம்.

வேலி ஒண்ணு, மனை ஒண்ணு. ஒரு கடையில 10 சதவீதம் போதவே போதாது, இன்னொரு கடையில அது அதிகம். எந்தக் கடையிலயும் அது சரியான விடை இல்லை. சேதாரம் எவ்வளவுன்னு தீர்மானிக்கறது கடையில இருக்கற நீளமும் நீங்க வைக்கற இடைவெளியும்தான். அதைத் தெரிஞ்சுக்க ஒரு போன் போதும்: "அண்ணே, 3-க்கு 2 சட்டம் என்னென்ன நீளத்துல இருக்கு?"

அடுத்தது நிக்கற பலகைகள். 3 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன், 4 அடி உயரம். நடுவுல 2 அங்குலம் இடைவெளி விட்டா, 5 அங்குலத்துக்கு ஒரு பலகை. 130 அடி என்பது 1,560 அங்குலம். 312 பலகை. இடைவெளியை 3 அங்குலமாக்கினா 260 போதும். ஒரே ஒரு அங்குலத்துக்கு 52 பலகை, மூணேகால் கன அடி மரம். இங்கே முடிவெடுக்கறது கால்குலேட்டர் இல்லை. சித்தப்பா எதைத் தடுக்கப் பார்க்கறார் என்பதுதான். மாட்டுக்கு 3 அங்குலம் தாராளம். கோழிக்குஞ்சு நுழையக்கூடாதுன்னா 2 அங்குலமே அதிகம். 'எதுக்கு இந்த வேலி?'ன்னு கேட்காம போட்ட எஸ்டிமேட் எவ்வளவு துல்லியமா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

மீதியை வேகமாப் பார்த்துடலாம். கம்பம் வெளியே 4 அடி, மண்ணுக்குள்ள 2 அடி, ஆக 6 அடி. 4-க்கு 3 அங்குலம்னா ஒரு கம்பம் அரை கன அடி. கேட்டைத் தாங்கற ரெண்டு கம்பம் மட்டும் தடிமனா, கொஞ்சம் ஆழமா, தனி வரியில எழுதணும். குழி 1 அடிக்கு 1 அடி, ஆழம் 2 அடின்னா 19 குழிக்கு 38 கன அடி. கம்பம் அடைக்கற இடத்தைக் கழிச்சா சுமார் 35 கன அடி, அதாவது 1 கன மீட்டர் கான்கிரீட். 1:3:6 கலவைக்கு நாலரை மூட்டை வரும், அஞ்சு வாங்கணும். பலகைக்கு நாலு ஆணி வீதம் 1,248, சட்ட முனைக்கு ரெண்டு வீதம் 136. ஆனா ஆணி விக்கறது கிலோவுல. கடையில 100 ஆணியை எண்ணித் தராசுல போடச் சொல்லுங்க, ரெண்டு அளவு ஆணின்னா ரெண்டையும் தனித்தனியா. கிலோ தானா வந்துடும்.

அப்போ கூடுதலே வாங்கக் கூடாதா? வாங்கணும். ஆனா ஒவ்வொரு கூடுதலுக்கும் ஒரு பேர் இருக்கணும். 'முடிச்சு, வெடிப்பு இருக்கற பலகைக்காக இத்தனை.' எத்தனைன்னு எப்படித் தெரியும்? கடையில அடுக்கி வெச்சிருக்கறதுல 50 பலகையை எடுத்துப் பாருங்க. 3 தேறாதுன்னா, 312-க்கு சுமார் 20 கூட வேணும். நாம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல படிச்ச சாம்பிளிங்தான் இது. 'சும்மா ஒரு 10 பர்சென்ட்' என்பதுக்கும் 'வெடிப்புக்கு 20 பலகை' என்பதுக்கும் உள்ள தூரம்தான், தோராயத்துக்கும் எஸ்டிமேட்டுக்கும் உள்ள தூரம். ரெண்டாவதைச் சித்தப்பா கேள்வி கேட்கலாம். முதலாவதை யாருமே கேள்வி கேட்க முடியாது.

"மேஸ்திரி மனக்கணக்குலேயே சொல்றாரே?"

சொல்றார்தான். மனையை ஒரு சுத்து சுத்தி வந்து, 'இத்தனை கட்டை, இத்தனை மூட்டை'ன்னு சொல்வார், பெரும்பாலும் சரியாவும் இருக்கும். அதைக் காட்டி 'கணக்கெல்லாம் புக்குல மட்டும்தான்'னு நம்மள்ல பலர் சொல்றதுண்டு. ஆனா அவர் மனசுல என்ன ஓடுதுன்னு கேட்டுப் பாருங்க. எந்தக் கடையில எந்த நீளம் கிடைக்கும், எந்த மரத்துல முடிச்சு அதிகம், அந்த மண்ணுல எவ்வளவு ஆழம் தோண்டினா கம்பம் நிக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சதவீதம் போடறதே இல்லை. பொருளைப் பார்த்து எண்ணறார். நாமதான் அவர்கிட்ட இருந்து முடிவை மட்டும் கத்துக்கிட்டு, எண்ணறதை விட்டுட்டோம்.

இன்னொரு வாதம், 'இதுக்கெல்லாம் ஆப் இருக்கே'. இருக்கு. ஆனா நெட்ல கிடைக்கற வேலி கால்குலேட்டர்கள்ல நிறைய, அமெரிக்க மரக்கடையை மனசுல வெச்சு செஞ்சது. அங்கே 2-க்கு 4-னு பேர் வெச்ச கட்டையோட உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். நம்ம ஊர்ல கன அடிக் கணக்குல வாங்கறோம். அந்தப் பெட்டியில 130-னு தட்டினா, உங்க கேட் எங்கே வருது, பக்கத்து வீட்டுச் சுவர் எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது. ஆப் கூட்டிப் பெருக்கும். மனையைப் பார்க்க வேண்டியது நீங்கதான்.

வேலியையே மாத்தின ஒரு கணக்கு

எஸ்டிமேட்னா வெறும் ஷாப்பிங் லிஸ்ட்னு நினைக்கறவங்களுக்கு வரலாற்றுல இருந்து ஒண்ணு. 19-ம் நூற்றாண்டுல, உப்பு வரி கட்டாம உப்பு கடத்தப்படறதைத் தடுக்க, வட இந்தியாவுக்குக் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டது பிரிட்டிஷ் அரசு. மொத்த நீளம் உச்சத்துல 4,000 கிலோமீட்டர் வரைக்கும் போச்சு. அதுல பெரும்பகுதிக்கு முள்வேலி போட முயற்சி பண்ணாங்க. முதல்ல வெட்டிப் போட்ட காய்ந்த முள்தான்.

1867-ல சுங்க கமிஷனரா வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமா, பின்னாடி 1885-ல இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கக் காரணமா இருந்த அதே ஹியூம். அவர் கணக்குப் போட்டார். ஒரு மைல் காய்ந்த வேலிக்கு 250 டன் பொருள் வேணும். அதைக் கால் மைல்ல இருந்து 6 மைல் தூரம் வரைக்கும் சுமந்து கொண்டுவரணும். அதோட கதை முடியலை. கரையான், தீ, காத்து எல்லாம் சேர்ந்து, வருஷா வருஷம் ஏறக்குறைய பாதி வேலியை மாத்த வேண்டியிருந்தது.

போடற செலவு, சுமக்கற தூரம், மாத்தற செலவு மூணையும் சேர்த்துப் பார்த்ததும் முடிவு மாறுச்சு. காய்ந்த முள்ளை விட்டுட்டு, உயிருள்ள முட்செடிகளை நட்டு வளர்க்கறதுக்கு மாறினாங்க. 1879-ல அந்தச் சுங்கக் கோடே கைவிடப்பட்டது. ஏழைகளோட உப்புக்கு வரி போட்ட வேலி அது, கணக்கு சரியா இருந்ததால அது நியாயமாகிடாது. ஆனா ஒரு நல்ல எஸ்டிமேட் 'எவ்வளவு வேணும்?'னு மட்டும் சொல்லாது, 'இதையேதான் போடணுமா?'ன்னும் கேட்கும் என்பதுக்கு இதை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை.

யாழ்ப்பாணத்து வேலிகள்லயும் இதே கணக்கு ஒளிஞ்சிருக்கு. பனையோலையோ கிடுகோ வெச்சு அடைக்கறாங்க, அது மட்கும், மறுபடி அடைக்கணும். ஆனா அதைத் தாங்கற கதியால் கிளுவை, பூவரசு மாதிரி துளிர்க்கற மரம். நட்டது வேர் பிடிச்சுத் தழைச்சுடும். எதை மாத்தணும், எதை மாத்தவே கூடாதுன்னு பிரிச்சு வெச்ச ஏற்பாடு.

இதை நூம்பல் மனைக்குக் கொண்டுவாங்க. மரக்கம்பம் முதல்ல உளுத்துப் போறது மண்ணும் காத்தும் சேர்ற இடத்துலதான். அங்கேதான் ஈரமும் கரையானும் சேர்ந்து வேலை செய்யும். மரத்துக்குப் பாதுகாப்பு மருந்து கொடுக்கறதுக்கு ஐ.எஸ். 401-னு தனியா ஒரு தரநிலையே இருக்கு. மருந்து கொடுக்காத 19 கம்பத்தை ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள மாத்த வேண்டி வந்தா, இன்னிக்குப் போட்ட எஸ்டிமேட் பாதிதான். அதனால சித்தப்பாகிட்ட ரெண்டு தாளா கொடுங்க. ஒண்ணு முழு மரவேலி. இன்னொண்ணு கல்தூண் நட்டு, சட்டமும் பலகையும் மட்டும் மரம். ரெண்டுலயும் மூணு வருஷத்துச் செலவை எழுதுங்க. முடிவு அவரோடது.

நம்ம காலேஜ் என்ன செய்யலாம்?

சிவில்ல எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங் ஒரு பேப்பர். பி.என்.தத்தா புக், சென்டர் லைன் மெத்தட், ரெண்டு மாடல் கணக்கு, பாஸ். அளக்கற முறைக்கு ஐ.எஸ். 1200 இருக்குன்னும், அதுல மரவேலைக்குன்னு தனிப் பகுதியே இருக்குன்னும் வைவாவுக்கு முந்தின நாள் படிச்சுக்கறோம். அந்தப் பேப்பர்ல நாம போட்ட ஒரு எண்ணாவது நிஜத்துல கட்டப்பட்டு, நாம சொன்னது சரியான்னு திரும்பிப் பார்த்திருக்கோமா? விடையை விடைப்புத்தகத்தோட ஒப்பிடறோம். பில்லோட ஒப்பிடறதில்லை. மத்த டிபார்ட்மென்ட்ல இந்தப் பேப்பரே கிடையாது. ஆனா கேபிள் நீளம், சர்வர் திறன், ஷீட் மெட்டல் எல்லாத்துக்கும் அதே 10 சதவீதம்தான் ஓடுது.

என் யோசனை ரொம்பச் சின்னது. கேம்பஸ்ல வருஷா வருஷம் மரம் நடறோம், அதுக்குக் கூண்டு கட்டறோம், தோட்டத்துக்குத் தடுப்பு போடறோம். அடுத்த தடவை அந்த வேலைக்கு எஸ்டிமேட்டை மாணவர்கள்கிட்ட கொடுங்க. எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி. சதவீதம் போடக் கூடாது, ஒவ்வொரு கூடுதலுக்கும் பேர் எழுதணும். வேலை முடிஞ்சதும் எஸ்டிமேட்டையும் கடைசி பில்லையும் நோட்டீஸ் போர்டுல பக்கத்துல பக்கத்துல ஒட்டணும். எங்கே விலகுச்சு, ஏன் விலகுச்சு? அந்த ரெண்டு தாள் சொல்லிக் கொடுக்கறதை, ஒரு செமஸ்டர் முழுக்க போர்டுல எழுதினாலும் சொல்லிக் கொடுக்க முடியாது.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில ஏதாவது ஒரு வேலி தெரியும். நின்னு கம்பத்தை எண்ணுங்க, இடைவெளியை எண்ணுங்க, எத்தனை துண்டுன்னு பாருங்க. நான் சொன்ன விதி அங்கே ஒத்து வருதான்னு சரிபார்த்துட்டு இந்த இதழுக்கு எழுதுங்க. ஒத்து வரலைன்னா கண்டிப்பா எழுதுங்க.